வாரண்டி இருக்கும்போதே விற்கலாமா?

கேள்வி: போன வருடம் லீசிங்கில் புதுக் கார் எடுத்தோம். பண்டாரவளை ஏற்றத்தில் கியர் சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கொழும்புக் கராஜில் மூன்று தடவை காட்டியும் “ஒரு பிழையும் இல்லை” என்கிறார்கள். விற்றுவிடலாமா?
– வாசகர், ஹாலிஎல

பதில்: அவசரப்படாதீர்கள். பதுளை சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கும் மேல். அந்த ஏற்றத்தில் வரும் கோளாறு கொழும்பின் சமதரையில் எப்படித் தெரியும்? விளக்கு எரியும்போது, பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு கிலோமீற்றர் கணக்கும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் முறைப்பாட்டை ஜொப் கார்ட்டில் எழுதவைத்துப் பிரதி வாங்குங்கள். மலையில் ஓட்டிப் பார்க்கும்படி கடிதத்தில் கேளுங்கள். கிளச் பிளேட் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக வாரண்டியில் சேராது, நிபந்தனைகளை வாசியுங்கள்.

மறுத்தால், காலம் கடத்தாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977.

பாகத்தை மாற்றிய பிறகும் அதே கோளாறு வந்தால் விற்பதே நல்லது, அதுவும் வாரண்டி முடிவதற்குள். வாரண்டி அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று முதலில் கேளுங்கள். லீசிங் பாக்கியைத் தீர்க்காமல் பொதுவாகப் பெயர் மாற்ற முடியாது; அந்தத் தொகையைக் கழித்துக் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். வாங்குபவரிடம் கோளாறை மறைக்காதீர்கள். அவரும் இதே மலையில் பிள்ளைகுட்டிகளோடு ஏறுபவர்தான்.