கரையில் நின்றவர்களையும் சேர்த்துப் பேசுங்கள்

அன்புத் தம்பிக்கு,

சுனாமி நினைவுநாளுக்காக நீங்கள் ஆற்றி, பங்கு மடலில் அச்சாகியிருக்கும் மறையுரையைப் படித்தேன். அலை கொண்டுபோன மகனுக்காகக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையை, கழுத்துப் பட்டியில் குத்திய குண்டூசிகூட எடுக்காமல், இத்தனை ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருக்கும் அந்தத் தாயைப் பற்றிய பத்தி அபாரம். அழுகை, கண்ணீர் என்று ஒரு சொல் இல்லை. படிக்கிறவர் தொண்டை அடைத்துப்போகிறது. இப்படி எழுத இன்று மறையுரை ஆற்றுகிற எத்தனை பேருக்குக் கை வரும்? அதனால்தான் அடுத்த பத்தி என்னை அவ்வளவு எரிச்சல்படுத்தியது. ‘ஆனாலும்’ என்று தொடங்கி, கடல் பொங்கிவந்த அன்றும் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை, நம்பி வந்தோரை ஆண்டவர் காத்தார் என்று முடித்துவிட்டீர்கள். அந்தத் தாயின் மகன் யாரை நம்பி அங்கே வந்தான், தம்பி?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் ஊர் திருப்பயணிகளால் நிறைந்திருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணிக் கரையில் அலை கொண்டுபோன நூற்றுக்கணக்கானோரில் பலர் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள். அதே பீடத்தின் முன் மண்டியிட வந்தவர்கள். கோவில் தப்பியது கடவுளின் பரிவுக்குச் சாட்சி என்றால், கரையில் கிடந்த உடல்கள் எதற்குச் சாட்சி? ஒரே காலையில் நடந்த இரண்டில் ஒன்றை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா அன்று லிஸ்பனில் நிலம் நடுங்கியபோது, திருப்பலிக்குக் கூடியிருந்த மக்கள்மீதே கோவில்கள் இடிந்து விழுந்தன. உங்கள் வாதத்தை அந்த நகரத்தில் நின்று சொல்லிப் பாருங்கள். ஓர் ஊரில் விசுவாசத்தைத் தாங்கி, இன்னோர் ஊரில் அதைக் கவிழ்த்துவிடும் வாதத்தின்மேல் மக்களை நிறுத்தக்கூடாது.

அப்படியானால் பிழைத்தவர் நன்றி சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லட்டும். 410-இல் கோத்தியர் உரோமையைச் சூறையாடியபோது, பேராலயங்களுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் உயிர் தப்பினார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அவர்களில் உண்டு. ‘கடவுளின் நகரம்’ நூலின் தொடக்கத்திலேயே அகுஸ்தினார் இதை நன்றியோடு குறிப்பிடுகிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. கொல்லப்பட்ட, சிறைபிடிக்கப்பட்ட, மானபங்கப்பட்ட கிறிஸ்தவர்களை எடுத்துக்கொண்டு, நல்லவருக்கும் தீயவருக்கும் அடி ஒன்றுபோலவே விழுந்தது என்று ஒத்துக்கொள்கிறார். துன்பத்தை வைத்து மனிதரை எடைபோட முடியாது என்பது அவர் முடிவு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசுவும், அவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். பிழைத்தவர் சொல்லும் நன்றி கடவுளை நோக்கிப் போகிறது. அதையே நீங்கள் பீடத்திலிருந்து ஆதாரமாக்கிச் சபையை நோக்கித் திருப்பும்போது, மூன்றாம் வரிசையில் இருக்கும் அந்தத் தாயின் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது.

உங்கள் இன்னொரு பத்தி யோபுவைப் பற்றியது. நம் மறையுரைகளில் எனக்கு நெடுநாளாகப் பொறுக்காத விஷயம் இது: யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்களைச் சொல்வார்கள், ஒரே தாவலில் 42-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது, ஆமென். நடுவில் யோபு பிறந்த நாளைச் சபித்ததும், கடவுளை வழக்குக்கு அழைத்ததும் எங்கே போயின? அந்த இரட்டிப்பையாவது நின்று எண்ணிப் பார்த்தீர்களா? ஆடுகள் 7,000 இருந்த இடத்தில் 14,000. ஒட்டகங்கள் 3,000 இருந்த இடத்தில் 6,000. பிள்ளைகளோ முன்பும் ஏழு ஆண், மூன்று பெண். பின்பும் ஏழு ஆண், மூன்று பெண். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகும் என்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை. இறந்த பத்துப் பேர் திரும்பி வரவும் இல்லை.

இன்னும் ஒன்று. விண்ணகத்தில் யோபுவைப் பற்றி நடந்த உரையாடலை நூலைப் படிக்கிற நாம் அறிவோம்; யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. சூறைக்காற்றிலிருந்து கடவுள் நான்கு அதிகாரம் பேசுகிறார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவரே யோபுவுக்குச் சொல்லாததை அந்தத் தாய்க்குச் சொல்ல நமக்கு அதிகாரம் தந்தது யார்? ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை யோபுவைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களும் நல்ல நண்பர்கள்தாம். கடவுளுக்காக வாதாடத் தொடங்கியபின்தான் கெட்டுப்போனார்கள். முடிவில் கடவுள் சினந்தது தமக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்கள்மேல். சரியாகப் பேசியவன் என்று சொன்னது முறையிட்ட யோபுவை.

இப்படியெல்லாம் பேசினால் சபையாரின் விசுவாசம் ஆட்டம் காணும் என்று அஞ்சுகிறீர்கள். ஆட்டம் காண்பது வேறிடத்தில். கடவுள் தம்மைச் சேர்ந்தவர்களைக் கடலிலிருந்து விலக்கிவைப்பார் என்று கற்ற விசுவாசம், அடுத்த புயலில் முதல் சவப்பெட்டியோடு உடைந்துபோகும். முறையிடுவது அவிசுவாசமும் இல்லை. கேட்பவர் இருக்கிறார் என்று நம்பாதவன் யாரிடம் முறையிடுவான்? சிலுவையில் இயேசு தம் தந்தையிடம் கேட்டது 22-ஆம் திருப்பாடலின் முதல் கேள்வியை. உயிர்த்தெழுந்தபின்பும் அவர் தம் கைகளின் காயங்களை மறைக்காமல் தோமாவுக்குக் காட்டினார். தீமை ஏன் என்ற கேள்விக்கு நம்மிடம் விடை கிடையாது. அறையப்பட்டவரைக் கடவுள் எழுப்பினார் என்ற செய்தி இருக்கிறது. அதை அறிவிக்க நீங்கள் பேராலயத்துச் சுவரைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

88-ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான புலம்பல் பாடல்கள் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே நின்றுபோகும். திரு அவை இதை வெட்டி எறியவில்லை. வெள்ளிதோறும் இரவுச் செபத்தில் நம் கையில் கொடுத்திருக்கிறது. வாரம் தவறாமல் நீங்களும் சொல்கிறீர்கள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அடுத்த டிசம்பர் 26 அன்று அதை அந்தத் தாயின் முன் சத்தமாக வாசியுங்கள். முடித்ததும் ‘ஆனாலும்’ போடாமல் கொஞ்சம் நில்லுங்கள்.