பழைய இசைக்கருவிக்கு உரிய விலை: இணைய ஏலம் பற்றிய ஒரு பாடம்

தோட்டப்புறங்களில் கோயில் திருவிழாவும் பஜனையும் நாடகமும் செழித்திருந்த காலத்தில் வாங்கப்பெற்ற இசைக்கருவிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. ஆர்மோனியம், மிருதங்கம், தபேலா, நாதசுரம், தவில், உருமி, வயலின், கித்தார் என அவை பலவாகும். வாசித்தவர் முதுமை எய்தியிருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்திருக்கலாம். அந்நிலையில், வாசலுக்கு வரும் பழம்பொருள் வணிகர் சொன்ன விலைக்கே கருவி போய்விடுகிறது. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் சொற்பத் தொகைக்குக் கைமாறுவதைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. அவ்வழிகளுள் ஒன்றான இணைய ஏலத்தைப் பற்றியும், அதில் விலை வைக்கும் முறையைப் பற்றியும் இங்கு ஆராய்வோம்.

ஏலம் நமக்குப் புதிதன்று

கோயில் திருவிழாவில் பிரசாதப் பொருளை ஏலம் விடுவதை நாம் அறிவோம். மலாய் மொழியில் வழங்கும் 'லெலோங்' என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததாகும். நாம் வெட்டிய பாலில் உருவான ரப்பரும் ஏலத்தில் விலைபோன பொருளே. 1911ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ரப்பர் ஏலம் தொடங்கிற்று.

இணையத்தில் ஏலம் பரவியது 1995ஆம் ஆண்டிற்குப் பின்னரே. அவ்வாண்டில் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத்தளமே பின்னாளில் 'இபே' எனப் பெயர் பெற்றது. அதில் முதலில் விலைபோன பொருள், பழுதுபட்ட ஒரு லேசர் சுட்டுக்கருவி. அது 14.83 அமெரிக்க டாலருக்கு விற்றது. நமக்குப் பயனற்றதை வேறெங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் என்னுமிடத்தில் பழம்பொருள் சந்தை ஒன்று உண்டு. அங்கே ஒரு வீணையைக் கொண்டுபோய் வைத்தால், அன்று காலை அவ்வழியே வருவோர் மட்டுமே அதைக் காண்பர். அவர்களுள் வீணை வாசிப்பவர் ஒருவரேனும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இணையத்திலோ ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்போர் ஒரே பொருளை ஒரே வேளையில் காணலாம்.

விலையை நிர்ணயிப்பவர் யார்?

நாம் வாங்கிய விலையோ, நமக்குள்ள பணமுடையோ ஏலத்தில் விலையை நிர்ணயிப்பதில்லை. இதனைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இபே போன்ற தளங்களில், கேட்பவர் தாம் தரக்கூடிய உச்சவிலையை முன்கூட்டியே பதிவு செய்கிறார். தளம் அவருக்காகச் சிறிது சிறிதாக விலையை உயர்த்திச் செல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் ஆர்மோனியத்தின் தொடக்க விலை 200 வெள்ளி; ஒவ்வொரு படியும் 10 வெள்ளி. ஒருவர் தம் உச்சவிலையை 450 எனப் பதிவு செய்கிறார். மற்றொருவர் 600 எனப் பதிவு செய்கிறார். கருவி 600க்குப் போகாது, 460க்கே போகும். முதல்வரை முந்துவதற்கு அத்தொகை போதுமன்றோ! முதல்வர் வராதிருந்தால் அதே கருவி 200க்கே போயிருக்கும்.

ஆகவே, ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வெல்பவர் அல்லர். அவருக்கு அடுத்தபடியாக நிற்கும் இரண்டாம் ஆளே ஆவார். இவ்வகை ஏலத்தின் தன்மையை வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் 1961இல் ஆராய்ந்து எழுதினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தொடக்க விலையைக் குறைப்பதா, கூட்டுவதா?

நம் கருவியை விரும்பக்கூடியவர் எத்தனை பேர் என்பதே முதற்கேள்வி. எல்லாரும் அறிந்த நிறுவனத்தின் கித்தார், மின்விசைப் பலகை போன்றவற்றைத் தேடுவோர் மிகப் பலர். இவற்றிற்குக் குறைந்த தொடக்க விலை வைப்பது நன்று. மலிவைக் கண்டு பலர் நுழைவர். போட்டி விலையை உயர்த்தும்.

நாதசுரம், தவில், உருமி ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றை விரும்புவோர் சிலரே. ஏலம் நடக்கும் வாரத்தில் ஒருவர் மட்டுமே வரக்கூடும். அந்நாளில் தொடக்க விலை 1 வெள்ளி என்றிருந்தால் 1 வெள்ளிக்கே கொடுக்க நேரிடும். எனவே அரிய கருவிக்கு, நாம் மனமொப்பிக் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த தொகையையே தொடக்க விலையாக வைத்தல் வேண்டும். சில தளங்களில் மறைவான காப்புவிலை வைக்கவும் இடமுண்டு. அத்தொகையை எட்டாவிடில் விற்கவேண்டிய கட்டாயமில்லை.

'மூடா', 'கரோசல்' போன்ற தளங்களில் பெரும்பாலும் விலையைக் குறிப்பிட்டுப் பேரம் பேசுவதே வழக்கம். அங்கே வைக்கும் விலையில் பேரத்திற்குச் சிறிது இடம்விடுதல் பொருந்தும். ஏல முறையையும் பேர முறையையும் ஒன்றெனக் கருதலாகாது.

அடிவிலைக் கணக்கு

மிகக் குறைந்த தொகையை எவ்வாறு அறிவது? வாசலுக்கு வந்த வணிகர் ஓர் ஆர்மோனியத்திற்கு 300 வெள்ளி தருவதாகக் கொள்வோம். ஏலத்தில் விற்பதற்குத் துருத்தியைச் செப்பனிட 60 வெள்ளி, பெட்டிகட்ட 25 வெள்ளி, ஏலத்தளத்தின் கட்டணம் நூற்றுக்குப் பத்து எனவும் கொள்வோம். அஞ்சல் செலவு வாங்குபவருடையது. 430 வெள்ளிக்கு விற்றால் கட்டணம் 43 போக 387 நிற்கும். அதில் 85 கழிந்தால் மிஞ்சுவது 302. ஆகவே ஏறத்தாழ 428க்குக் கீழே போனால் வணிகரிடம் கொடுப்பதே மேல். இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னரே ஏலத்தில் இறங்குதல் வேண்டும்.

அடுத்து, அதே வகைக் கருவி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதை அறிய வேண்டும். பிறர் கேட்டுக்கொண்டிருக்கும் விலை நம்பத்தக்கதன்று. ஆயிரம் வெள்ளி கேட்டு ஓராண்டாக விற்காமல் கிடக்கும் பொருளும் உண்டு. இபே தளத்தில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் தனியே பிரித்துக் காணலாம். ஐந்தாறு விற்பனைகளைக் குறித்துக்கொண்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, நடுவில் நிற்பதை அளவாகக் கொள்க.

தரத்தை உள்ளபடி உரைத்தல்

பால் நிறுக்குமிடத்தில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. உலர் ரப்பர் எவ்வளவு என்றும் சோதிப்பர். புகையூட்டிய தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே தரம் பிரிப்பர். தொலைவில் இருந்து வாங்குபவர் கருவியைத் தொட்டுப் பார்க்க இயலாது. நம் படமும் சொல்லுமே அவருக்கு அந்த வெளிச்சமாகும். செய்தவர் பெயர் பொறித்த தகடு, வெடிப்பு, தோலின் நிலை, ஒலிக்காத கட்டை ஆகிய அனைத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்துக் காட்டுக. வாசிக்கும் ஒலியையும் பதிவு செய்து இணைத்தல் நலம். குறையை மறைத்தால் பொருள் திரும்பி வரும். நற்பெயரோ திரும்பி வாராது. பழங்கருவிக்குப் புது வண்ணம் பூசுவதும் தவறு. அதனால் மதிப்புக் குறைதல் உண்டு.

சான்றின் வலிமைக்கு ஒரு பெரும் எடுத்துக்காட்டு: இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி 1721இல் செய்த 'லேடி பிளண்ட்' என்னும் வயலின், 1971இல் லண்டன் ஏலத்தில் 84,500 பவுனுக்கு விற்றது. 2011 ஜூன் மாதம் 'தாரிசியோ' என்னும் இணைய ஏல நிறுவனத்தின் வழியாக ஏறத்தாழ 98 லட்சம் பவுனுக்கு விற்றது. அத்தொகை ஜப்பானிய ஆழிப்பேரலை நிவாரணத்திற்கு அளிக்கப்பட்டது. அக்கருவி அதிகம் வாசிக்கப்படாது நன்னிலையில் இருந்தது. அதன் வரலாறும் சான்றுகளோடு விளங்கியது. நம் வீட்டுக் கருவி அவ்விலைக்குப் போகாது எனினும், வாங்கிய ரசீதும், தந்தையார் அதனை வாசிக்கும் பழைய நிழற்படமும் அதன் மதிப்பை உயர்த்த வல்லவை.

காலமும் காவலும்

தைப்பூசம் நெருங்குகையில் உருமி மேளக் குழுவினர் கருவி தேடுவர். திருவிழாவிற்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக ஏலம் முடியுமாறு அமைத்தால், கருவி போய்ச்சேரவும் பழகவும் காலம் இருக்கும். வேலைநாள் பகலை விட விடுமுறை நாள் இரவில் ஏலம் முடிவது நன்று. கடைசி நிமிடம் வரை விலை அசையாதிருந்தால் மனந்தளர வேண்டா; இறுதி நொடிகளில் கேட்போர் பலர் உளர். உறவினரைக் கொண்டு பொய்யாக விலையேற்றுவது மட்டும் கூடாது. அது தளத்தின் விதிக்கு மாறானது, ஏமாற்றுமாகும்.

பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததை நாமே பார்த்த பின்னரே கருவியை அனுப்புக. பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பலாகாது. வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லலாகாது. ஏமாற்றப்பட்டதை அறிந்தால் உடனே 997 என்னும் தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை அழைத்திடுக. உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா இருப்பின், விற்பதற்கு முன் வனவிலங்குத் துறையினரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். பணமுடை வந்த நாளில் விற்கத் தொடங்கினால், வாசலில் நிற்கும் ஒருவரே நமக்கு வாய்ப்பார். முன்கூட்டியே படமெடுத்து, விலை அறிந்து, கணக்கிட்டு வைத்தால் அந்த இரண்டாம் ஆள் வரும்வரை காத்திருக்க இயலும். விற்பதா, பேரப்பிள்ளைக்குக் கற்பிப்பதா என்று அமைதியாக எண்ணிப் பார்க்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

பயிற்சி

1. ஒரு தவிலுக்கு வணிகர் 200 வெள்ளி தருகிறார். தோல் மாற்ற 80 வெள்ளி, பெட்டிகட்ட 20 வெள்ளி, கட்டணம் நூற்றுக்குப் பத்து எனில், ஏலத்தில் எத்தொகைக்குக் குறைந்தால் நட்டம்?

2. அத்தவிலுக்கு 1 வெள்ளி தொடக்க விலை வைக்கலாமா? காரணம் கூறுக.