விரால் தூண்டில்: ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு 27 குறிப்புகள்

தூண்டில் வீடியோ பார்ப்பவர்களுக்கு 'பாஸ்' என்ற அமெரிக்க மீன் பழக்கமாகியிருக்கும். நம் ஏரிகளில் அது இல்லை. அந்த இடத்தில் நமக்கு விரால் இருக்கிறது. இரண்டுமே செடி மறைவில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து கவ்வும் மீன்கள். அதனால் பாஸுக்காகச் செய்த கோல், ரீல், ரப்பர் தவளை எல்லாம் விராலுக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஏரித் தூண்டில் நம் பக்கம் புதிதும் இல்லை. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ஒரு புத்தகம் எழுதினார்.

ஜவ்வாது மலையைச் சுற்றிச் செண்பகத்தோப்பு, மிருகண்டா, குப்பநத்தம், ஆண்டியப்பனூர் அணைகள் இருக்கின்றன. போளூர், செங்கம், ஆலங்காயம் பக்கம் ஏரிகளுக்கும் குறைவில்லை. தக்கையும் மண்புழுவும் வைத்து ஜிலேபி, கெளுத்தி பிடித்துப் பழகி, அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

வாங்கும்போது

1. கோல் 6½ முதல் 7 அடி நீளம், 'மீடியம் ஹெவி' வகையாக இருக்கட்டும். மெல்லிய கோல் வீசச் சுகமாக இருக்கும். ஆனால் அல்லிக்கொடிக்குள் தலையை நுழைத்துவிட்ட விராலை வெளியே கொண்டுவர அதனால் ஆகாது. கடையிலேயே ரீலை மாட்டிப் பிடித்துப் பாருங்கள். கோல் முன்பக்கம் தலை சாய்த்தால் கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கும்.

2. ரீல் முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். பெயிட்காஸ்டர் ரீல் குறி தவறாமல் வீச உதவும். ஆனால் பழக்கம் இல்லாதவர் கையில் நரம்பு கூடுகட்டிக்கொள்ளும். எந்த ரீலானாலும் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆட்டம் கொடுத்தாலோ வாங்காதீர்கள்.

3. விராலுக்குத் தங்கூசி நரம்பு சரிப்படாது. அது இழுத்தால் நீளும். தூரத்தில் கவ்விய மீனின் கெட்டித் தாடையில் முள் ஏறாது. 30 முதல் 40 பவுண்டு 'பிரைடு' பின்னல் நரம்பு வாங்குங்கள். அது நீளாது, பாசித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும்.

4. பிரைடை நேராக ரீலில் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிக்கொண்டு சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி, அதன்மேல் பிரைடைக் கட்டிச் சுற்றுங்கள். விலை உயர்ந்த நரம்பும் மிச்சமாகும்.

5. 'பாலோமர்' என்ற ஒரு முடிச்சைக் கற்றுக்கொண்டால் போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். அந்த இரட்டை நரம்பில் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். மிச்சமிருக்கும் வளையத்தை இரை முழுவதையும் சுற்றித் தாண்டவிட்டு, எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.

6. பையில் நீளமூக்குக் குறடு, நல்ல கத்தரிக்கோல், பழைய துண்டு மூன்றும் இருக்க வேண்டும். நகவெட்டி பிரைடை வெட்டாது, மென்று பிசிறாக்கும்.

இரைப் பெட்டி

7. பெட்டி நிறைய வாங்க வேண்டாம். பாசிக்கு மேலே இழுக்க ரப்பர் தவளை, கலங்கல் தண்ணீருக்குத் தகடு சுழலும் 'ஸ்பின்னர்', செடி இடுக்கில் இறக்க ரப்பர் புழு. இந்த மூன்றையும் சரியாகப் போடத் தெரிந்தவருக்கு முப்பது வகை தேவைப்படாது.

8. புதுத் தவளையை அப்படியே வீசாதீர்கள். குறட்டால் இரண்டு முள்ளையும் மிக லேசாக வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். பின்கால் ரப்பர் இழைகள் நீளமாக இருந்தால் பாதியாகக் கத்தரியுங்கள்; மீன் இழையை மட்டும் பிடித்துவிட்டுப் போவது குறையும். சில வீச்சுக்கு ஒருமுறை வயிற்றைப் பிதுக்கி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுங்கள். தண்ணீர் நிறைந்த தவளை மிதக்காது.

9. நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மீன் கீழிருந்து வானத்தைப் பார்த்துத்தான் தவளையைக் காண்கிறது. அதற்குத் தெரிவது நிழல் உருவம். விடியலிலும் அந்தியிலும் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பச்சையோ பழுப்போ, கலங்கலில் வெள்ளையோ மஞ்சளோ போதும்.

10. உயிருள்ள தவளையைப் பிடித்து முள்ளில் குத்தாதீர்கள். வயலில் பூச்சி தின்கிற ஜீவன் அது. ரப்பர் தவளையால் அந்த வேலை நடக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

11. ரப்பர் புழு 1949-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கியது. அதை 'டெக்சாஸ்' முறையில் மாட்டுங்கள். முதலில் நரம்பில் தோட்டா வடிவ ஈயத்தைக் கோத்து, பிறகு முள்ளைக் கட்டுங்கள். முள் நுனியைப் புழுவின் தலையில் சிறிது செலுத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுங்கள். கருவேல முள்ளுக்குள் போட்டாலும் சுலபத்தில் சிக்காது.

இடமும் நேரமும்

12. முதலில் அனுமதி. கிராமத்து ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். மலைக்குள் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஜமுனாமரத்தூரில் படகு விடும் ஏரியில் வீசாதீர்கள். சாத்தனூர் அணை நீரில் முதலை உண்டு; அங்கே தண்ணீரில் காலை வைக்க வேண்டாம்.

13. நடு ஏரியைப் பார்த்து வீசுவது வீண். விரால் இருக்குமிடம் ஓரம்தான். அல்லி, கோரை முடியும் விளிம்பு, வரத்துக்கால்வாய் வந்து சேரும் வாய், மதகின் கல்கட்டு, ஏரி கோடி போகும் இடத்துக்குக் கீழே தேங்கும் குட்டை, தண்ணீரில் நிற்கும் கருவேல மரத்தடி. கரையில் நின்று முதல் வீச்சை உங்கள் காலடியிலிருந்தே தொடங்குங்கள்.

14. விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றையும் விழுங்கும். 'பொளக்' என்ற சத்தமும், தொடர்ந்து சின்ன வளையமும் எழும்பும். வந்தவுடன் வீசத் தொடங்காமல் சிறிது நேரம் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். எந்தப் பக்கம் மீன் இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

15. கோடையில் விடியலும் அந்தியும் நல்ல நேரம். மார்கழி, தை மாதங்களில் மலைமேல் நிலைமை வேறு. இரவுக் குளிரில் குட்டைத் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும்; மீனின் உடம்புச் சூடு தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடுவதால் அது இரையைத் துரத்தாது. வெயில் ஏறி, ஓரத்து ஆழமில்லாத தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு போங்கள். இரையையும் மிக மெதுவாக இழுங்கள்.

16. மழைக்காலத்தில் நாளிதழின் அணை நீர்மட்டச் செய்தியைப் பாருங்கள். முழு அளவு குப்பநத்தத்துக்கு 59.04 அடி, செண்பகத்தோப்புக்கு 62.32 அடி, மிருகண்டாவுக்கு 22.97 அடி. மட்டம் ஏறுகிறது என்றால் புதிதாக மூழ்கிய புல்தரையில் விரால் மேயும். அங்கே தவளை போடுங்கள். இறங்குகிறது என்றால் மீன் ஆழத்துக்குப் பின்வாங்கும். அப்போது ரப்பர் புழு. அணையில் தண்ணீர் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள்.

வீச்சும் இழுப்பும்

17. மீன் தெரிந்த இடத்தின் தலைமேல் போடாதீர்கள். அதைத் தாண்டி ஓரிரு கெஜம் அப்பால் விழவிட்டு, அதன் பக்கமாக இழுத்துவாருங்கள்.

18. தவளையை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே வராதீர்கள். இரண்டு மூன்று குதி, பிறகு நிறுத்தம். பாசிக்கு நடுவில் கையகலத் திறந்த தண்ணீர் தெரிந்தால் அங்கே தவளையை நிறுத்தி, தண்ணீரில் எழுந்த வளையம் அடங்கும்வரை காத்திருங்கள். பாதிக் கடி அந்த நிறுத்தத்தில்தான் வரும்.

19. இந்தக் குறிப்புகளிலேயே முக்கியமானது இது. தண்ணீர் வெடித்ததும் கோலைத் தூக்காதீர்கள். அந்த வேகத்தில் முக்கால்வாசிப் பேர் மீனின் வாயிலிருந்து தவளையைத் தாங்களே பிடுங்கிவிடுகிறார்கள். சத்தம் கேட்டதும் கோல் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணுங்கள். தவளை கண்ணுக்குத் தெரியாமல் போய், நரம்பு ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, அப்போது ஓங்கி இழுங்கள்.

20. முள் ஏறியதும் விளையாட்டுக் காட்ட நேரமில்லை. முதல் சில விநாடிகளில் மீனின் தலையை மேலே தூக்கிப் பாசிமேல் வழுக்கிக்கொண்டு வரச் செய்யுங்கள். அடியில் புகுந்துவிட்டால் வேரைச் சுற்றிக்கொள்ளும். இதற்காகவே ரீலின் 'டிராக்' திருகு, கையால் பலமாக இழுத்தால்தான் நரம்பு கழலும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

21. கடி தவறினால் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். சிறிது பொறுத்து அதே இடத்தில் ரப்பர் புழுவை மெல்ல இறக்குங்கள். தவறவிட்ட விரால் பெரும்பாலும் பக்கத்திலேயேதான் இருக்கும்.

22. இரை மரத்தில் சிக்கினால் பிரைடைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, கோலை நேராக நீட்டியபடி பின்னால் நடந்து இழுங்கள்.

கைக்கு வந்த பிறகு

23. பாஸ் மீனைக் கீழ்த்தாடையில் கட்டைவிரல் வைத்துத் தூக்குவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விராலிடம் அதைச் செய்யாதீர்கள். அதன் பல் கூர்மையானது. ஈரத்துண்டால் தலைக்குப் பின்னால் பிடித்து, குறட்டால் முள்ளை எடுங்கள். வாளியில் போட்டால் மூடி வேண்டும். தாவிக் குதித்துப் புல்லில் நெளிந்தே தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

24. முள்ளின் எதிர்நாக்கைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். மீனை விடுவிப்பது சுலபம். உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். எதிர்நாக்கோடு ஆழமாக ஏறிவிட்டாலோ, கண், முகம், கழுத்துப் பக்கம் என்றாலோ பிடுங்கிப் பார்க்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் காயம் என்றாலும் டி.டி. ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பராமரிப்பு

25. திரும்பி வந்ததும் இரைகளை நிழலில் உலர்த்திப் பெட்டியில் வையுங்கள். மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் இரைப் பெட்டியில் போட்டால் முள் துருப்பிடிக்காது. ரப்பர் புழுவைக் கடினப் பிளாஸ்டிக் இரைகளோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று உருக்கி ஒட்டிக்கொள்ளும். முள்ளின் கூரை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் சின்ன அரத்தால் தீட்டுங்கள்.

26. ரீலை ஈரத்துணியால் துடைத்து, நரம்பு ஓடும் உருளையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், தூசியைச் சேர்க்கும். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்துச் சுற்றி எடுங்கள். பஞ்சு எங்கே பிய்ந்து மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது. நரம்பை அறுப்பதும் அந்தக் கீறல்தான். சமையலறைக்கும் ஒன்று: விராலின் வழவழப்பு போகக் கல்லுப்பும் புளியும் சேர்த்துத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

27. கடைசியாக, மறுபடி ஏரிக்கரைக்கு. மழைக்காலத்தில் தண்ணீர்மேல் செந்நிறமாக ஒரு கொத்துக் குஞ்சு மொய்த்து நகர்ந்தால், அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று பொருள். அப்போது இரையை அங்கே போட்டால் பசிக்காக இல்லாமல் குஞ்சைக் காப்பதற்காகவே பாய்ந்து கடிக்கும். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதைப் பிடித்தால் காவலில்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் அந்த ஏரியில் உங்களுக்கு விரால் வேண்டுமென்றால், குஞ்சோடு இருப்பதை விட்டுவிடுங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளையும் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலிலும் ஆட்டின் வாயிலும் சிக்கும். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.