ஊர்ப்பெயர் பூண்ட அணி

பண்டைத் தமிழ்ப் புலவர் பலருடைய பெயருக்கு முன்னே அவர்தம் ஊர்ப்பெயர் நிற்கக் காண்கிறோம். குறுந்தொகையில் இடம்பெற்ற நன்னாகையார், கச்சிப்பேட்டு நன்னாகையார் என்றே வழங்கப்பெற்றார். புலவர் ஓர் ஊரில் வாழ்ந்து, அதன்பின் அவ்வூர்ப் பெயரைப் பெற்றனர். இக்காலத்து விளையாட்டு அணிகளோ முதலில் பெயரைச் சூடிக்கொண்டு, பின்னரே ஊரைத் தேடிச் செல்கின்றன. காஞ்சியின் பெயர் பூண்ட இரண்டு அணிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2016 ஆம் ஆண்டில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், தமிழ்நாடு பிரிமியர் லீக் என்னும் போட்டியைத் தொடங்கிற்று. அணிகள் எட்டு, பெரும்பாலானவற்றிற்கு மாவட்டத் தலைநகர்களின் பெயர்கள் இடப்பெற்றன. அவற்றுள் ஒன்று ரூபி காஞ்சி வாரியர்ஸ், மற்றொன்று வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ். வீரர் என்னும் பன்மைச் சொல் தமிழில் இருக்கவும், வீரன் என்பதன்மேல் ஆங்கிலப் பன்மை ஈற்றை ஒட்டவைத்தது இலக்கணத்திற்கு இசையாது. எனினும், பார்வையாளர் உரத்துக் கூவுவதற்கு அதுவே எளிதாக அமைந்தது போலும்.

பெயர் காஞ்சியாயினும் ஆட்டக்காரர் அனைவரும் காஞ்சியினர் அல்லர். சங்கத்தில் பதிவுபெற்றோர், தேர்வு முறையால் எட்டு அணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றனர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிற் பிறந்த நடராசன், திண்டுக்கல் அணிக்குப் பந்து வீசினார். சென்னையில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய வருண் சக்கரவர்த்தி, 2018 இல் மதுரை அணியில் ஆடினார். அவ்வாண்டு வாகை சூடியதும் மதுரையே. சிற்றூர் இளைஞரைப் பேரரங்கிற்கு ஏற்றிவிடும் படியாக இப்போட்டி பயன்பட்டது. அந்நன்மையை எவரும் மறுக்கவியலாது.

ஆனால் ஆட்டக்களம் பற்றிய செய்தி வேறு. தொடக்கத்து நான்கு பருவங்களிலும் ஆட்டங்கள் மூன்றே இடங்களில் நிகழ்ந்தன. சென்னைச் சேப்பாக்கம் ஒன்று. திண்டுக்கல்லை அடுத்த நத்தத்துக் கல்லூரித் திடல் ஒன்று. திருநெல்வேலிச் சங்கர் நகரில் சிமிட்டி ஆலையைச் சார்ந்த திடல் மற்றொன்று. காஞ்சிபுரத்தில் ஓர் ஆட்டமேனும் நிகழவில்லை.

வாலாஜாபாத்து மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிப் பாலாற்றங்கரையில் அமைந்தது அவனது ஊர். அவன் தன் மாவட்டத்து அணியை நேரிற் காண விரும்பின், செங்கற்பட்டில் வண்டி மாறிச் சென்னைக்குச் செல்லவேண்டும். அன்றேல், நத்தத்திற்கோ நெல்லைக்கோ ஓர் இரவு முழுதும் பயணம் செய்யவேண்டும். ஆதலின், அவ்வணி அவனுக்குத் தொலைக்காட்சியில் தோன்றும் சட்டை நிறமாகவும் பெயராகவுமே இருந்தது.

அப்பெயரும் நிலைக்கவில்லை. 2017 இல் காஞ்சி வாரியர்ஸ், திருச்சி வாரியர்ஸ் ஆயிற்று. அடுத்த ஆண்டு, திருவள்ளூர் வீரன்ஸ் தன் பழம்பெயரை நீக்கிக் காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. பாபா அபராஜித் அதற்குத் தலைமை தாங்கினார். 2018, 2019 ஆகிய இரு பருவங்கள் காஞ்சியின் பெயர் மீண்டும் களத்தில் ஒலித்தது. 2020 இல் பெருந்தொற்றால் போட்டி நடைபெறவில்லை. 2021 இல் அதே அணி, நெல்லை ராயல் கிங்ஸ் என்னும் பெயருடன் வந்தது. காஞ்சி அணியில் ஆடிய சஞ்சய் யாதவ் நெல்லை அணியிலும் ஆடினார். அணி அதுவே, ஊர் மட்டும் வேறு.

இவ்வழக்கம் பிற நாடுகளுக்கும் புதிதன்று. அமெரிக்க நாட்டில் மின்னசோட்டா என்னும் மாநிலம் ஏரிகளுக்குப் பெயர்பெற்றது. ஆங்குள்ள மினியாபொலிசு நகரில் 1947 இல் தோன்றிய கூடைப்பந்து அணி, ஏரிநாட்டார் என்னும் பொருள்படத் தன்னை லேக்கர்ஸ் என அழைத்துக்கொண்டது. ஜார்ஜ் மைக்கன் என்னும் நெடியவரின் ஆற்றலால், தொடக்கப் பருவங்களிலேயே பல பட்டங்களை வென்றது. 1960 இல் அவ்வணி லாசு ஏஞ்சலிசு நகருக்குக் குடிபெயர்ந்தது. ஏரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏரிப்பெயர் மட்டும் பெயர்ந்து சென்றது. தென்னேரி முதலாய நீர்நிலைகள் மிக்க காஞ்சி மாவட்டத்திற்கு அப்பெயர் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்! ஆயினும், மினியாபொலிசு மக்கள் தம் அணியைத் தம் ஊரிலேயே பதின்மூன்று ஆண்டுகள் கண்டுகளித்தனர். காஞ்சியார்க்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை.

அணியின் உரிமையாளரைக் குறைகூறுவதும் எளிதன்று. இரவு ஆட்டத்திற்கு உயர்ந்த விளக்குகள் வேண்டும். நன்கு பேணப்பட்ட ஆடுகளம் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் அமரும் படிவரிசைகள் வேண்டும். திருநெல்வேலியில் இவையனைத்தும் இருந்தன. நெல்லையின் பெயர் தாங்கிய அணிதான் அதுவரை இல்லை. காஞ்சிக்கோ பெயர்தாங்கிய அணி இருந்தது, களம் இல்லை. ஆகவே, அணி களத்தை நாடிச் சென்றதில் வியப்பில்லை.

2021 இன் ஆட்டங்கள் பார்வையாளர் இன்றிச் சேப்பாக்கத்திலேயே முடிந்தன. 2022 இன் முதல் ஆட்டம் திருநெல்வேலியில் நிகழ்ந்தது. நெல்லை 184 ஓட்டங்கள் எடுத்தது. சேப்பாக்கம் அணியும் 184 எடுத்துச் சமன் செய்தது. வெற்றியை முடிவு செய்யக் கூடுதலாக ஒரு சுற்றுப் பந்து வீசப்பெற்றது; அதில் நெல்லை வென்றது. 2023 இல் இறுதி ஆட்டமும் அத்திடலிலேயே நடந்தது. கோவை அணியிடம் நெல்லை 104 ஓட்டங்களால் தோற்றது. அத்தோல்வியையும் சொந்த ஊரார் தம் கண்ணெதிரே கண்டனர்.

2025 ஆம் ஆண்டுப் போட்டியில் ஆடிய எட்டு அணிகளுள் காஞ்சியின் பெயர் கொண்டது ஒன்றும் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்திற்குச் செல்லும் சாலையில், தொழிற்சாலைப் பேருந்துகள் முறைமாற்றத்திற்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்களுள் நெல்லையினர் உண்டு, திருச்சியினர் உண்டு, திண்டுக்கல்லினரும் உண்டு. ஆட்டம் நடைபெறும் நாள்களில் எங்கள் அணி என்று சொல்லிக்கொள்ள அவரவர்க்கு ஓர் அணி இருக்கிறது. உள்ளூர்ச் சிறுவரோ, நீர் வற்றிய ஏரியில் மூன்று குச்சிகளை நட்டு, பொழுது சாயுமட்டும் இரு கட்சியாகப் பிரிந்து ஆடுகின்றனர்.