திருமண அழைப்பிதழும் சிராவக ஒழுக்கமும்



தை பிறந்தால் நம் இல்லங்களில் திருமணப் பேச்சு தொடங்கிவிடும். நல்ல நாள் குறித்தவுடன் நாம் முதலில் செல்லும் இடம் அச்சகம். அங்கே மாதிரி அழைப்பிதழ்கள் நம் முன் அடுக்கப்படுகின்றன. எது அழகாயிருக்கிறது, என்ன விலை என்ற இரண்டு வினாக்களுடன் தேர்வு முடிந்துவிடுகிறது. நாம் ஏற்றுள்ள அணுவிரதங்களுக்கு அது ஒத்ததா என்ற மூன்றாவது வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாவையே இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து கைகழுவச் சென்றபோது, எச்சில் இலைக் குவியலில் ஓர் அழைப்பிதழ் கிடக்கக் கண்டோம். அதன் முகப்பில், முக்குடையின் கீழ் வீற்றிருக்கும் அருகப் பெருமானின் வண்ணத் திருவுருவம்! எடுத்துத் துடைத்தோம், கறை போகவில்லை. அச்சிட்டவர் பக்தியினால்தான் அச்சிட்டார். எறிந்தவரோ நம் சமயத்தை அறியாத விருந்தினராக இருக்கலாம். அவரை நோவதில் பொருளில்லை. நம் இல்லத் திருமணத்திற்கும் அதே போன்ற அழைப்பிதழையே நாம் அச்சிட்டோம் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறுத்தியது. அவற்றுள் எத்தனை எங்கெங்கே கிடந்தனவோ!

1. திருவுருவமும் மந்திரமும்

ஜினாலயத்தில் நீராட்டிப் பூசிக்கும் திருவுருவத்தை, சில நாட்களில் எறியப்படும் தாளில் பதிப்பது அவினயத்திற்கு வழி திறப்பதாகும். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முழுமையாக அச்சிடுவதும் அத்தகையதே. இவற்றுக்கு மாற்றாக, பூரண கும்பம், கண்ணாடி, கவரி, கொடி, விசிறி, குடை முதலிய எண் மங்கலங்களுள் ஒன்றைக் கோட்டோவியமாக அமைக்கலாம். வர்த்தமானரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு விழாவையொட்டி 1974இல் சமணப் பிரிவுகள் அனைத்தும் ஏற்ற பொதுச் சின்னமும் உண்டு. ஆயின் அதன் அடியில் தத்துவார்த்த சூத்திரத்தின் சூத்திரம் ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதால், அதையும் பேணிப் பயன்படுத்துதல் வேண்டும்.

2. தாளும் துணியும்

பட்டுத்துணி ஒட்டிய அழைப்பிதழ்களும் பெட்டிகளும் இன்று பெருகியுள்ளன. வழக்கமான முறையில் பட்டு நூல் எடுக்கக் கூட்டுப்புழுக்களைக் கொதிநீரிலோ ஆவியிலோ கொல்கின்றனர். அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட இல்லத்தின் மங்கலச் செய்தியை அதன் மீது எழுதலாமா? பிளாஸ்டிக் பூச்சிட்ட அட்டையோ எளிதில் மட்குவதில்லை. மறுபடியும் தாளாக்குவதும் கடினம். விதை பதித்த தாளைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். எண்ணம் நல்லதே. எனினும் முளைக்கும் ஆற்றலுள்ள விதையைச் சசித்தம் எனக் கொள்ளும் நாம், அது அலமாரியில் கிடந்து மடியுமே என்பதையும் எண்ண வேண்டும். பூச்சில்லாத எளிய தாளே போதுமானது.

3. எண்ணிக்கை

பொருள் வரைதல் நம் ஐந்தாம் அணுவிரதம். அச்சகத்தில் ஆயிரம் என்று சொல்லிவிட்டுப் பின்னர்ப் பெயர் தேடுவது அவ்விரதத்திற்கு ஏற்றதன்று. முதலில் குடும்பங்களின் பட்டியலை எழுதுக; அதற்கு மேல் சிறிதளவே கூட்டி அச்சிடுக. தொலைவில் உள்ளோர்க்குக் கைப்பேசி வழியே அனுப்பலாம். ஆனால் ஊரிலுள்ள பெரியோரை நேரிற் சென்று அழைப்பதைக் கைவிடலாகாது. அழைப்பிதழின் விலையைவிட நாம் வாசலேறிச் சென்றதையே அவர்கள் நினைவிற் கொள்வர்.

4. விருந்தின் நேரம்

அழைப்பிதழில் நாம் மிகுதியாகத் தவறுவது இவ்விடத்திலேயே. முகப்பில் அருகன் துணை என்று அச்சிட்டு, உள்ளே வரவேற்பு மாலை 7 மணி, அதன்பின் இரவு விருந்து என்று எழுதுகிறோம். இரவுண்ணாமை நம் முன்னோர் பேணிய அடையாளம். அதைக் கடைப்பிடிக்கும் முதியோரும் நோன்பியரும் அந்த வரியைப் படித்தவுடன் என்ன செய்வர்? வந்தால் பசியோடு திரும்ப வேண்டும்; வராவிட்டால் உறவு நோகும். நம் வீட்டுத் திருமணத்தில் நம் விரதத்தை மேற்கொண்டவருக்கே இலை இல்லாமற் போவது எவ்வளவு பெரிய குறை!

வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் சூரியன் மறைவது கார்த்திகையில் மாலை 5.40 மணியளவில், தை நடுவில் 6 மணிக்குச் சற்றுப் பின், ஆனியில் 6.40 மணியளவில். மறைவுக்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னரே உணவை முடித்தல் முறை. ஆகவே தை மாத வரவேற்பெனில் பிற்பகல் 3.30 முதல் 5 மணி வரை விருந்து என்று அச்சிடலாம். அலுவலகம் செல்வோர்க்கு இது இடையூறு என்பர் சிலர். விடுமுறை நாளைத் தேர்ந்தால் அவ்விடையூறும் குறையும். மண்டபத்தையும் சமையற்காரரையும் பேசும் முன்பே இந்நேரத்தை முடிவு செய்தல் வேண்டும்.

5. வீர நிர்வாண ஆண்டு

வர்த்தமானர் நிர்வாணமுற்றது கி.மு. 527 என்பது மரபு. ஆங்கில ஆண்டுடன் தீபாவளி வரை 526ஐயும், அதன்பின் 527ஐயும் கூட்டுக. 2025 ஆவணித் திருமணத்திற்கு வீர நிர்வாண ஆண்டு 2551. அதே 2025 கார்த்திகைக்கு 2552. பழைய அழைப்பிதழைப் பார்த்துப் படியெடுப்பதால் இதில் பிழை நேர்கிறது.

அன்பர்களே! மணமக்களின் பெயர்கள் சேர்ந்து அச்சேறும் முதல் தாள் இது. அவர்கள் தொடங்கவிருக்கும் இல்லறம் எத்தகையது என்பதை ஊராருக்கு அதுவே முன்னர் அறிவிக்கிறது. விலையுயர்ந்த அட்டை இல்லையே என்று எவரும் நம்மைக் குறை கூறப்போவதில்லை. பகல் விருந்து என்ற ஒரு வரியைக் கண்டு, நோன்பிருக்கும் ஒரு பாட்டி மனநிறைவோடு புறப்பட்டு வருவாரானால், அதுவே மணமக்களுக்குக் கிடைக்கும் முதல் நல்லாசி.

இல்லத்தில் கலந்து பேசுக

1. நம் வீட்டில் பழைய அழைப்பிதழ்கள் உள்ளனவா? அவற்றிலுள்ள திருவுருவங்களை எவ்வாறு பேணுகிறோம்?

2. நம் உறவினருள் இரவுண்ணாமை காப்போர் எவரெவர்? சென்ற திருமணத்தில் அவர்கள் எப்போது உண்டனர்?

3. வரும் ஆண்டு நம் இல்லத் திருமணத்திற்கு எத்தனை அழைப்பிதழ்கள் உண்மையிலேயே தேவை?