தொட்டிச் செடியில் வெள்ளை மாவு

எங்க வகுப்பு ஜன்னல் ஓரம் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்குதே, அதில் போன மாதம் இலைக்காம்பு சேரும் இடத்திலெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்து ஊதினோம். போகவில்லை. குச்சியால் தொட்டால் மெதுவாக நகர்ந்தது! அதுதான் மாவுப்பூச்சி.

எனக்குப் பயமாகிவிட்டது. 2021-ல் எங்க அப்புச்சியின் குச்சிக்கிழங்குக் காட்டில் வந்ததும் இதே ஜாதிதான். குருத்தெல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி ஆகிப்போச்சு. அப்புச்சி மூன்று தடவை மருந்து அடித்தார். காசு போனதுதான் மிச்சம். கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை. அந்த வருஷம் சின்ன மாமா பாலிடெக்னிக் சேரவில்லை.

மருந்து ஏன் கேட்கவில்லை? இந்தப் பூச்சியின் உடம்பின் மேல் மெழுகு மூடியிருக்கும். சேம்பு இலையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி மருந்து வழிந்துவிடும். இலைச் சுருளுக்குள் வேறு ஒளிந்துகொள்ளும். ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சி, இனிப்புத் தண்ணியாக வெளியே விடும். அதைக் குடிக்க எறும்பு வரும். சும்மா வராது, எதிரி வந்தால் துரத்தும், பூச்சியைப் பக்கத்துச் செடிக்கும் தூக்கிப் போகும். தொட்டியில் எறும்பு வரிசை ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

மரவள்ளி மாவுப்பூச்சியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே ஜனங்களின் சாப்பாட்டையே அழித்தது. 1981-ல் பராகுவே நாட்டில் இதன் எதிரி ஒரு குளவி என்று கண்டுபிடித்தார்கள். கடுகு அளவுதான், நம்மைக் கொட்டாது. பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வரும். (எழுதும்போதே உடம்பு கூசுது!) ஆப்பிரிக்காவில் இதை விட்ட ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 2020-ல் திருச்சூரில் இந்தப் பூச்சியைப் பார்த்தார்கள். பெங்களூர் விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, 2022 மார்ச் 7-ல் நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். குளவி விட்ட காட்டில் மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். அப்புச்சி இப்போது பக்கத்துக் காட்டுக்காரரிடம் இதைத்தான் சொல்லிச் சண்டை போடுகிறார்.

சரி, நம்ம தொட்டிக்கு என்ன செய்தோம்? கரப்பான் ஸ்பிரே அடிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம்பா! அறைக்குள்ளே அதை மூச்சில் இழுப்பது நாம்தான். தொட்டியை வெளியே தனியாக வைத்தோம். பழைய டூத் பிரஷ்ஷை சோப்புத் தண்ணியில் முக்கிக் காம்பு இடுக்கெல்லாம் தேய்த்தோம். மெழுகு கரைந்துவிடும். ரொம்ப மோசமான இரண்டு கிளையை வெட்டி எரித்தோம். பிறகு ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயந்திரம் இலையின் அடிப்பக்கம் தெளித்தோம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு தடவையோடு விடக்கூடாது, முட்டை பொரித்துத் திரும்ப வரும். வாரம் ஒரு தடவை செய்கிறோம்.

இது நான்காவது வாரம். எறும்பு வரிசை இல்லை, இரண்டு புது இலை வந்திருக்குது. ஆனால் நேற்றுத் தொட்டியின் விளிம்புக்கு அடியில் ஒரு பஞ்சுப் பொட்டைப் பார்த்தேன். எங்க பிரஷ் தேய்ந்துவிட்டது. யார் வீட்டிலாவது பழைய பிரஷ் இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து கொடுங்கள்.