ஊரில் வாசிப்புக் கூட்டம், நாம் டொராண்டோவில்

வேப்பம்பட்டில் வளர்ந்து கனடாவில் குடித்தனம் நடத்துகிறேன். சென்னைக் கூட்டங்களைத் தவறவிட்டுத் தவறவிட்டே கற்றுக்கொண்டவை இவை.

1. அழைப்பிதழைப் பார்த்ததும் நாம் இருக்கும் ஊரின் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காலண்டரில் எழுதிவிடுங்கள். டொராண்டோவுக்கும் சென்னைக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. ஜனவரியில் அங்கே மாலை 6 என்றால் இங்கே காலை 7.30, பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற நேரம். சிங்கப்பூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இரவு 8.30, சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்.

2. சென்னையில் நடக்கும் பல இலக்கியக் கூட்டங்களை ஸ்ருதி டிவி படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிறது. அவர்கள் வருகிறார்கள் என்றால், பதிவு செய்யச் சொல்லி ஊரிலிருக்கும் தம்பியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

3. வராவிட்டால் தம்பிதான் கதி. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். மின்விசிறிக்குக் கீழே உட்காரவே கூடாது. என்னிடம் ஒரு சிறுகதை வாசிப்பு இருக்கிறது. நாற்பது நிமிடமும் காற்றுதான், இடையில் ஒருவர் மைக்கைத் தட்டி "கேக்குதா?" என்கிறார்.

4. பேச்சு எப்படியாவது கிடைத்துவிடும். கூட்டம் முடிந்து டீக்கடையில் நடப்பது எந்தப் பதிவிலும் வராது. அதற்கு ஒரே வழி, தம்பி ரயிலில் திரும்பும்போது பிடிப்பது. சென்ட்ரலில் ஏறியதும் கூப்பிட்டால் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை, எரிந்து விழுவான். ஆவடியில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்த பிறகு கூப்பிடுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சுக்கா" என்பதோடு சரி. "யாரு யாரோட சண்டை?" என்று ஆரம்பியுங்கள், வேப்பம்பட்டு வரும்வரை நிறுத்தமாட்டான்.

5. லீவை ஒரு வருஷமாவது பொங்கலை ஒட்டி எடுங்கள். 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில். அங்கிருந்து மாறாமல் ஒரே மெட்ரோவில், காட்சி நடக்கும் நந்தனம்.

6. எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கத் தம்பியிடம் சொன்னால், உங்கள் பெயரைச் சீட்டில் எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள். என் அலமாரியில் ஒரு நாவல், "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்குகிறது. எழுதியவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

7. வாங்கிய புத்தகங்கள் நீங்கள் போகும்வரையோ பார்சலில் வரும்வரையோ ஊர் வீட்டு பீரோவில்தான் கிடக்கும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, ஈரம் ஏறும். வேப்பிலையை நிழலில் நன்றாக உலர்த்திப் புத்தகப் பக்கங்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பக்கத்தில் பச்சைக் கறை. பார்சல் கட்டும் முன் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து இலையை உதறிவிடச் சொல்லுங்கள். காய்ந்த இலையைக்கூடப் பிடித்துவைத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு. வாசனைக்குக் கஸ்டம்ஸில் கேள்வியில்லை.